மரங்களின் சிக்கனம்

சித்திரைத் திங்களின் நண்பகல். தாம்பரத்தை அடுத்த வண்டலூர்க் குன்றுகளில் பாறை கொதிக்கின்றது. ஏரிக்கரையோரம் சேறு காய்ந்து வெடித்துக் கிடக்கின்றது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்த பெருமழைக்குப் பின்னர் நிலம் நனையப் பெய்த மழை அரிது. ஆயினும், அங்குள்ள காயாமரம் பசுமை மாறாது நிற்கின்றது. அதற்கு நீர் இறைத்துத் தருபவர் யாவர்?

இவ்வினாவிற்குரிய விடை மரத்தினுள்ளேயே உள்ளது. வேர்முதல் இலைவரை நுண்ணிய குழாய்கள் தொடர்ந்து செல்கின்றன. இலையில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் பல உண்டு. அவற்றின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுந்தோறும், கீழுள்ள நீர் மேலே இழுக்கப்படுகின்றது. நீரின் நுண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்பின. ஆதலின், கயிற்றை இழுத்தாற்போல நீர்த்தொடர் அறாது ஏறுகின்றது. டிக்சன், ஜாலி என்னும் அயர்லாந்து அறிஞர் இருவர் 1894-ஆம் ஆண்டில் இவ்விளக்கத்தை வெளியிட்டனர்.

கோடையில் இந்நீர்க்கயிற்றுக்கு இடுக்கண் நேர்கின்றது. மேலே வெயில் இழுக்கின்றது. கீழே வறண்ட மண் நீரை விட மறுக்கின்றது. இழுப்பு அளவு கடப்பின், குழாயினுள் காற்றுக்குமிழி தோன்றும், தொடர் அறும், அக்குழாய் பயனற்றுப் போகும். பிற யாவும் ஒத்திருப்பின், குழாயின் அகலம் இருமடங்காக, அதில் ஓடும் நீர் 16 மடங்காகும். ஆனால், வறட்சியில் முன்னர்க் கெடுவதும் பெரும்பாலும் அகன்ற குழாயே. குறுகிய குழாய் மெல்லக் கொடுக்கும்; நெடுநாள் கொடுக்கும். விரைவு வேண்டுமா, காவல் வேண்டுமா என்பதை அவ்வந்நாட்டுத் தட்பவெப்பமே வகுக்கின்றது.

இலையும் அவ்வாறே வேறுபடும். ஒதியமரம் கோடை முதிருமுன்னரே இலைகளை உதிர்த்துவிடும். வரவு குன்றியவிடத்துச் செலவை அடியோடு நிறுத்தும் இல்லறத்தானை அது ஒக்கும். காயாவோ, தோல்போல் தடித்த சிற்றிலைகளைப் பூண்டு, அவற்றை உதிர்க்காமலே சிக்கனம் செய்கின்றது. கடற்கரை மணலில் வளரும் சவுக்கின் செயல் இன்னும் வியப்புக்குரியது. இலையென்று மக்கள் கருதும் அதன் பச்சை ஊசிகள், உண்மையில் கணுக்களையுடைய மெல்லிய கிளைகளே. இலைகள் கணுதோறும் சிறு செதில்களாகச் சுருங்கிவிட்டன.

கோடைக்கானல் மலையில் நட்டு வளர்க்கப்பெற்ற பைன்மரம் சவுக்கைப் போலத் தோன்றினும் வேறு இனத்தது. அதன் ஊசி உண்மையான இலையே. அம்மரத்தில் அகன்ற குழாய்கள் இல்லை. குறுகிய நீரறைகளே உண்டு. அவற்றிடையே உள்ள சிறு கதவுகள், ஓரறையில் புகுந்த காற்று அடுத்த அறைக்குப் பரவாதபடி அடைத்துக்கொள்ளும். மழை குன்றிய ஆண்டில் தளிர்க்கும் ஊசிகள் நீளம் குறைந்து காணப்படும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு வந்தபோது, அதனைச் சூழ்ந்திருந்தது குறுங்காடு. இன்று அப்பகுதியெங்கும் வீடுகள் நெருங்கிவிட்டன. கல்லூரி வளாகத்திலும், நன்மங்கலம் காப்புக்காட்டிலும், வண்டலூரிலும் அப்பழைய காட்டின் பகுதிகள் எஞ்சியுள்ளன. அவற்றை, "வெறும் புதர்" என்று இகழ்வாரும் உளர். உயரமும் அகன்ற இலையும் இல்லாமை அம்மரங்களின் குறையன்று. நெடுங்கோடையைத் தாங்குதற்கு அவை பெற்ற பேறு. நீர் ஊற்றுவாரின்றியே பசுமை காக்கும் அக்காட்டை அழித்துவிட்டு, குடம் குடமாக நீர் ஊற்றி வேறு மரம் வளர்த்தல் அறிவுடைமை ஆகுமோ? வரவறிந்து செலவு செய்யும் அம்மரங்களைக் காத்தல் மாணவர் கடமை. அவற்றினிடம் கற்றலும் அவர்தம் கடமையே.