வீட்டுச் சிக்கனமும் குத்தகைத் தோட்டமும்: செலவு, அறுவடை, உரிமை

இங்கிலாந்தில் வாழும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் வீட்டு வாடகையையும் வரியையும் விரும்பியவாறு குறைத்துக்கொள்ள இயலாது. உணவு, மின்சாரம், எரிவாயு, நீர் ஆகிய நான்கிலுமே வீட்டார் தம் கையால் மாற்றம் செய்ய இடமுண்டு. இவற்றுள் உணவுச் செலவைக் குறைக்கும் பழைய வழிகளுள் ஒன்று, அலொட்மென்ற் என வழங்கும் குத்தகைத் தோட்டமாகும். நகரசபையிடமிருந்து சிறு துண்டு நிலத்தை ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, குடும்பத்திற்கு வேண்டிய காய்கறிகளை அதில் விளைவித்துக்கொள்ளலாம்.

பல இடங்களில் இந்நிலத்திற்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. அவ்வாறு காத்திருந்து பெற்ற நிலம், ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்காத காரணத்தால் ஒரே மாதத்தில் கைவிட்டுப் போகவும் கூடும். ஆகவே இப்பாடம் அடுக்களைக் கணக்கில் தொடங்கி, பயிர்த் தெரிவைக் கூறி, குத்தகையாளரின் உரிமைகளையும் கடமைகளையும் விளக்குகிறது.

1. அடுக்களையில் ஒரு கணக்கு

மின்கட்டணம் அலகுக் கணக்கில் அறவிடப்படுகிறது. 1000 வாற்று வலுவுள்ள கருவி ஒன்று ஒரு மணி நேரம் முழு வலுவில் இயங்கினால் செலவாவது ஓர் அலகு. கருவியின் அடியில் பொறிக்கப்பட்டுள்ள வாற்று எண்ணை, அது இயங்கும் மணி நேரத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் அலகுகளின் எண்ணிக்கை கிடைக்கும். அதனைக் கட்டணச் சீட்டில் உள்ள ஓர் அலகின் விலையால் பெருக்கினால் செலவு தெரியும். வெப்பநிலைக் கட்டுப்பாடுடைய அடுப்புகள் இடையிடையே தாமாக நின்று இயங்குவதால், அவற்றின் உண்மைச் செலவு இக்கணக்கிலும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

குழாய் நீர் 1 லீற்றரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.1 அலகு செலவாகும். தேநீருக்கு அரை லீற்றர் போதுமாயிருக்க, கேத்தலில் ஒன்றரை லீற்றர் நிரப்பிக் கொதிக்க வைப்பவர் ஒவ்வொரு முறையும் 0.1 அலகை வீணாக்குகிறார். நாளொன்றுக்கு ஐந்து முறை எனக் கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 182 அலகுகள் வீணாகின்றன. புதிதாக எந்தக் கருவியும் வாங்காமல், நீரை அளந்து ஊற்றுவதனால் மட்டுமே இச்செலவைத் தவிர்க்கலாம்.

கடலை, பயறு போன்றவற்றை முதல் நாள் இரவே ஊறவைத்து அழுத்தக் கலத்தில் அவிப்பதும், பானையை மூடிச் சமைப்பதும், பானையின் அடியளவுக்கு ஏற்ற அடுப்பைப் பயன்படுத்துவதும் இவ்வகைச் சேமிப்புகளே.

2. பொதிகளில் உள்ள திகதிகளும் மிஞ்சிய சோறும்

உணவுப் பொதிகளில் இரு வகையான திகதிகள் அச்சிடப்படுகின்றன. இவற்றின் வேறுபாட்டை அறியாமையால் நல்ல உணவு குப்பைக்குச் செல்கிறது. சில வேளைகளில் தீய உணவு உண்ணப்படுகிறது.

முதலாவது, ‘யூஸ் பை’ எனும் திகதி. இது பாதுகாப்புப் பற்றியது. இறைச்சி, மீன் போன்ற விரைவில் பழுதாகும் உணவுகளில் இது காணப்படும். இத்திகதி கடந்த உணவை விற்பது குற்றமாகும். அது நன்றாக மணத்தாலும் உண்ணலாகாது. உறைய வைக்க உகந்த உணவாயின், திகதி முடிவதற்குள் உறைபெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ‘பெஸ்ட் பிஃபோர்’ எனும் திகதி. இது தரம் பற்றியது மட்டுமே. அரிசி, பருப்பு, மா, பிஸ்கற் போன்றவை முறையாகச் சேமிக்கப்பட்டிருப்பின் இத்திகதிக்குப் பின்னரும் உண்ணத் தக்கவை. சுவையும் மொறுமொறுப்பும் சிறிது குறையலாம். கடைகள் இத்தகைய பொருட்களை விலை குறைத்து விற்பதும் சட்டத்திற்கு முரணானதன்று.

மிஞ்சிய சோற்றில் தனிக் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சமைத்த சோறு நெடுநேரம் அறை வெப்பத்தில் இருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது. ஆகவே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி, இயன்றவரை ஒரு மணி நேரத்திற்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். பெட்டியின் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. 24 மணி நேரத்திற்குள், ஒரு முறை மட்டும், ஆவி பறக்கச் சூடாக்கி உண்ண வேண்டும். பானையோடு அடுப்பில் விட்டுவைத்த சோற்றை மறுநாள் உண்பது சிக்கனமாகாது.

3. எதனைப் பயிரிடுவது?

முழுத் துண்டு ஒன்றின் மரபான அளவு பத்துப் ‘போல்’, அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றர். வேலைக்குச் செல்லும் குடும்பத்திற்கு இது பெரிய நிலம். தொடக்கத்தில் அரைத் துண்டோ கால் துண்டோ கேட்பது அறிவுடைமை.

பணத்தைச் சேமிப்பதே நோக்கமாயின், கடையில் மலிவாகக் கிடைப்பதைக் காட்டிலும் கடையில் விலை கூடியதும் விரைவில் வாடுவதுமான பயிர்களுக்கே முதலிடம் வழங்க வேண்டும். வெங்காயமும் கரட்டும் கடையில் மலிவு. கொத்தமல்லி, வெந்தயக் கீரை, புதினா, பசளி, பச்சை மிளகாய், போஞ்சி ஆகியவை சிறு கட்டாக விற்கப்பட்டு, பாதி உண்ணுமுன்னே வாடிவிடுகின்றன. இவற்றைத் தேவைப்படும்போது தேவையான அளவில் பறித்துக்கொள்வதே தோட்டத்தின் முதன்மை இலாபம்.

தென் இங்கிலாந்தில் உறைபனி ஆபத்து பொதுவாக மே நடுப்பகுதி வரை நீடிக்கும். அதற்கேற்பப் பயிர்க் காலம் பின்வருமாறு அமையலாம்:

• பெப்ரவரி, மார்ச்: மிளகாய், தக்காளி விதைகளை வீட்டினுள் யன்னலோரம் முளைக்க வைத்தல்.
• மார்ச் இறுதி, ஏப்ரல்: விதை உருளைக்கிழங்கு நடுதல். நோயற்றது எனச் சான்று பெற்ற கிழங்கையே நடுதல் நன்று.
• மே: போஞ்சி, வெந்தயம், கொத்தமல்லி விதைத்தல்.
• மே இறுதி, ஜூன்: பூசணி, தக்காளி நாற்றுகளை வெளியே நடுதல், முளைக்கீரை விதைத்தல்.
• ஒக்ரோபர், நவம்பர்: உள்ளி நடுதல்.

சமையலறை அலமாரியில் உள்ள வெந்தயமும் கொத்தமல்லியும் பெரும்பாலும் முளைக்கும். இவற்றிற்கு விதைப் பொதி வாங்கத் தேவையில்லை. கொத்தமல்லி வெயிலில் விரைவாகப் பூத்துவிடும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். பாகல், புடோல், வெண்டி ஆகியவை கண்ணாடி வீடின்றி இங்கு நன்கு காய்ப்பதில்லை. முதல் ஆண்டிலேயே கண்ணாடி வீடு வாங்குவது அவ்வாண்டின் சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடும்.

இலங்கைக்கோ இந்தியாவுக்கோ சென்று திரும்புவோர் மிளகாய், தக்காளி விதைகளையும் நாற்றுகளையும் பயணப் பெட்டியில் எடுத்து வருதல் கூடாது. நடுவதற்கான விதைகளுக்கும் செடிகளுக்கும் பொதுவாக, புறப்படும் நாட்டின் அதிகாரிகள் வழங்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அஃதின்றி வருபவை பறிமுதல் செய்யப்படலாம்.

4. மண்ணும் நீரும்

காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாடிய கீரை ஆகியவற்றோடு காய்ந்த இலையையும் கிழித்த காகித அட்டையையும் கலந்து குவித்தால் கூட்டுப்பசளை உண்டாகும். ஈரமானவை மட்டும் சேர்ந்தால் குவியல் அழுகி நாறும். தேயிலைப் பைகள் சிலவற்றில் பிளாஸ்ரிக் இழை இருப்பதால் பையைக் கிழித்துத் தூளை மட்டும் இடுதல் நன்று. சோறு, கறி, மீன், இறைச்சி ஆகியவற்றை இடலாகாது. அவை எலிகளை வரவழைக்கும்.

குதிரை எரு சில இடங்களில் இலவசமாகவே கிடைக்கும். மேய்ச்சல் நிலத்தில் தெளிக்கப்படும் சில களைகொல்லிகள் எருவிலும் தங்கி, தக்காளி, போஞ்சி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைச் சுருண்டு போகச் செய்யும். எருவைச் சிறிது மண்ணோடு கலந்து சட்டியில் இட்டு, சில போஞ்சி விதைகளை முளைக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இலைகள் சுருளாமல் வளர்ந்தால் எருவைப் பயன்படுத்தலாம்.

நீரை மாலையிலோ அதிகாலையிலோ வேரடியில் ஊற்றினால் குறைந்த அளவே போதும். கொட்டகைக் கூரையிலிருந்து மழைநீரைப் பீப்பாயில் சேமிப்பது, குழாய் நீருக்குக் கட்டுப்பாடு விதிக்கப்படும் கோடையில் பெரிதும் உதவும்.

5. சட்டம் தரும் பாதுகாப்பு

இங்கிலாந்திலும் வேல்சிலும் குத்தகைத் தோட்டங்கள் பற்றிய அடிப்படைச் சட்டம் 1908 ஆம் ஆண்டுக்குரியது. வாக்காளராகப் பதிவு பெற்ற அல்லது நகரசபை வரி செலுத்தும் ஆறு பேர் தோட்ட நிலம் தேவையென எழுத்தில் விண்ணப்பித்தால், நகரசபை அதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். தேவை உண்டெனக் கண்டால் போதிய நிலம் வழங்குதல் அதன் கடமையாகும். உள் லண்டன் நகரசபைகளுக்கு இக்கடமை இல்லை. நிலம் வழங்கும் அதிகாரம் மட்டுமே உண்டு.

1922 ஆம் ஆண்டின் சட்டம், இத்தோட்டத்தைக் குத்தகையாளரும் அவர் குடும்பத்தாரும் உண்பதற்கான காய்கறி, பழங்களை முழுமையாகவோ பெரும்பாலாகவோ விளைவிக்கும் நிலமாக வரையறுக்கிறது. ஆகவே இதனை வணிகப் பண்ணையாக நடத்த இயலாது. மிகுந்த பூசணியை அயலவருக்கோ கோயில் அன்னதானத்திற்கோ கொடுப்பதற்குத் தடையில்லை.

1925 ஆம் ஆண்டின் சட்டப்படி, தோட்டத்திற்கென்றே வாங்கப்பட்ட அல்லது ஒதுக்கப்பட்ட நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி நகரசபை விற்கவோ வேறு பயன்பாட்டிற்கு மாற்றவோ இயலாது. குத்தகையாளரிடம் தவறேதும் இல்லாதபோது நிலத்தைத் திரும்பப் பெற, பொதுவாகப் பன்னிரண்டு மாத எழுத்து அறிவித்தல் வேண்டும். பயிர் நிற்கும் கோடையில் வெளியேற்றப்படாதவாறு, அவ்வறிவித்தல் ஏப்ரல் 6 அன்றோ அதற்கு முன்னரோ, அல்லது செப்டெம்பர் 29 அன்றோ அதற்குப் பின்னரோ முடிவடைய வேண்டும்.

1950 ஆம் ஆண்டின் சட்டம், வணிக நோக்கமின்றியும் பிறருக்குத் தொல்லையின்றியும் கோழி, முயல் வளர்க்க இடமளிக்கிறது. சேவலுக்கு இவ்வுரிமை இல்லை.

6. நிலம் கைவிட்டுப் போகும் வழிகள்

பன்னிரண்டு மாதப் பாதுகாப்பு, விதிகளைப் பேணுவோருக்கே உரியது. பின்வரும் நிலைகளில் நகரசபை ஒரு மாத எழுத்து அறிவித்தலுடன் குத்தகையை முடிக்கலாம்:

• குத்தகைப் பணம் 40 நாட்கள் அல்லது அதற்கு மேல் நிலுவையில் இருத்தல்;
• குத்தகை தொடங்கிக் குறைந்தது மூன்று மாதங்கள் சென்ற பின்னர், தோட்ட விதிகளை மீறியிருத்தல்;
• அவ்வாறே, நகரசபை எல்லைக்கு வெளியே ஒரு மைலுக்கு அப்பால் குடியிருத்தல்.

ஒருவர் ஜூன் மாத இறுதியில் ஊருக்குச் சென்று செப்டெம்பரில் திரும்புகிறார் எனக் கொள்க. களை வளரக்கூடிய மாதங்கள் இவையே. நிலம் பராமரிக்கப்படவில்லை என்னும் எச்சரிக்கைக் கடிதமும், அதனைத் தொடர்ந்து ஒரு மாத அறிவித்தலும் பூட்டிய வீட்டின் கதவடியில் கிடக்கலாம். அவர் திரும்பும்போது நிலம் வேறொருவருக்கு வழங்கப்பட்டிருக்கலாம். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததும் அதனைப் படிக்காததும் தக்க விடையாகா.

நண்பரிடம் நிலத்தை ஒப்படைத்துச் செல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். நீர் ஊற்றவும் களை பிடுங்கவும் ஒருவர் உதவுவது வேறு. பணம் பெற்றோ பெறாமலோ நிலத்தையே அவரிடம் கொடுத்துவிடுவது வேறு. பின்னையது உட்குத்தகையாகக் கருதப்படலாம். சட்டம் உட்குத்தகையைத் தடைசெய்கிறது. நிலத்தைப் பெற்ற நண்பருக்கும் அதில் எவ்வுரிமையும் பிறவாது.

எனவே, நெடும் பயணத்திற்கு முன்னர் புறப்படும் திகதி, திரும்பும் திகதி, உதவுபவரின் பெயர் ஆகியவற்றை நகரசபையின் தோட்டப் பிரிவுக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். நோயுற்றவரும் அவ்வாறே அறிவித்து அவகாசம் கோரலாம். உடல் இயலாமை உடையோர், 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான மாற்றேற்பாடுகளைக் கேட்க உரிமையுடையவர்கள். துண்டு நிலத்தைச் சிறிதாக்கித் தருமாறு கேட்பது அத்தகைய ஒன்று.

பல ஒப்பந்தங்களில், குத்தகையாளர் இறந்தவுடன் குத்தகையும் முடிவடைகிறது. கணவர் பெயரில் உள்ள நிலத்தில் இருபது ஆண்டுகள் உழைத்த மனைவியும் அதனை இழக்க நேரலாம். இருவரும் உழைக்கும் நிலமாயின், இருவர் பெயரிலும் குத்தகையைப் பதிய இயலுமா என இப்போதே கேட்டுக்கொள்வது நன்று.

7. மீள்நோக்கு வினாக்கள்

1. உங்கள் வீட்டுக் கேத்தலின் வாற்று எண் யாது? கடைசிக் கட்டணச் சீட்டின்படி ஓர் அலகின் விலை என்ன?
2. இவ்வாரம் வீட்டில் எறியப்பட்ட உணவுகளுள் ‘பெஸ்ட் பிஃபோர்’ திகதி மட்டும் கடந்தவை எவை?
3. கடந்த மாதம் நீங்கள் வாங்கிய கீரை வகைகளுள் எவை பாதியில் வாடின? அவற்றுள் எவற்றை வளர்க்கலாம்?
4. உங்கள் குத்தகை ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளது? அது எங்கே வைக்கப்பட்டுள்ளது?
5. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டிற்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பவர் யார்?

ஐந்தாம் வினாவிற்கு விடை இல்லாதவர்கள் பயணச் சீட்டு வாங்குவதற்கு முன்னர் அவ்விடையைத் தேடிக்கொள்ளுதல் வேண்டும். நகரசபையின் கடிதம் எதுவும் விளங்காதபோது, அதில் குறிப்பிட்டுள்ள இறுதித் திகதிக்கு முன்னரே அக்கடிதத்தை நகரசபை அலுவலகத்திற்குக் கொண்டு சென்று, தமிழ் மொழிபெயர்ப்பாளரின் உதவி கிடைக்குமா எனக் கேட்கலாம்.