சர்வர் முந்நூறு, ஆள் நாலு

‘சர்வர்’ என்றதும் நம்மில் பெரியவர்களுக்கு மாதுங்கா ஓட்டலில் கை நிறையத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருபவர்தான் நினைவுக்கு வருவார். இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. இணையத் தளங்களையும் மின்னஞ்சலையும் இராப்பகலாக நமக்கு எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறிக்கும் அதே பெயர்தான். வேலையும் ஏறக்குறைய அதேதான்: கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது.

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள் ஒருவர் கேட்டார்: “எம் பையன் நவி மும்பையில ஹோஸ்டிங் கம்பெனியில இருக்கான் சார். ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சு சர்வருக்கு அப்டேட் போடறான். இனிமே அதெல்லாம் தானாவே நடக்குமாமே, அப்ப இவனுக்கு வேலை இருக்குமா?” நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. அந்தத் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இங்கே சொல்கிறேன்.

ஹோஸ்டிங் நிறுவனம் என்பது துணிக்கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்றவற்றின் இணையத் தளங்களுக்குத் தன் சர்வர்களில் வாடகைக்கு இடம் தருவது. ஒவ்வொரு சர்வரிலும் லினக்ஸ் போன்ற இயங்குதளம், அதன்மேல் அப்பாச்சி, பி.எச்.பி., மைசீக்வல் எனப் பல மென்பொருள்கள் இருக்கும். எதிலாவது ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை எழுதியவர்கள் திருத்தம் வெளியிடுவார்கள். அதை ஏற்றி, மென்பொருளை நிறுத்தித் திரும்பத் துவக்கி, தளங்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கவேண்டும்.

ஒரு சர்வருக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சர்வருக்கு 3 மணி 20 நிமிடம். ஓர் இரவில் முடிந்துவிடும். முந்நூறு சர்வருக்கு 100 மணி நேரம். நால்வர் பகிர்ந்துகொண்டாலும் ஆளுக்கு 25 மணி நேரம். நாளுக்கு இருப்பதோ 24!

இதை நான் கணக்காக அல்ல, அனுபவமாகவே கற்றேன். 2014 ஏப்ரல் 7ஆம் தேதி ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இணையத்தில் செல்லும் செய்திகளைப் பூட்டி அனுப்பும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் இருந்தது அது. அதன் வழியாக எவரும் சர்வரின் நினைவகத்தில் இருக்கும் கடவுச்சொற்களைக்கூடத் துண்டு துண்டாக எடுத்துவிடலாம். அப்போது எங்கள் நிறுவனத்தில் சர்வர் ஏறக்குறைய முந்நூறு, ஆள் நாலு. இரண்டு இரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தபோது பதினொரு சர்வர்கள் திருந்தாமலே இருந்தன. எங்கள் கையிலிருந்த பட்டியல் பழையது; சில புதிய சர்வர்கள் அதில் ஏறவே இல்லை. மற்றவற்றில் திருத்தத்தை ஏற்றியிருந்தோம், ஆனால் அப்பாச்சியைத் திரும்பத் துவக்க மறந்திருந்தோம். வட்டில் புதிய பிரதி, நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ பழைய ஓட்டை! தூக்கக் கலக்கத்தில் முந்நூறு முறை ஒரே வேலையைச் செய்பவன் எங்கோ ஒன்றிரண்டை விடத்தான் செய்வான். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஒன்றே ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வியாபார நிறுவனம். அங்கே புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் கையால் ஏற்றினார்கள். எட்டாவதில் ஏற்ற மறந்தார் ஊழியர். 2012 ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், அந்த ஒன்றில் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. காரணம் புரியாமல், சரியாக இருந்த மற்ற ஏழிலிருந்தும் புதிய மென்பொருளை நீக்கினார்கள். பிறகு எட்டும் சேர்ந்து கூத்தாடின. 45 நிமிடத்தில் நட்டம் 46 கோடி டாலர் அளவுக்குப் போயிற்று.

சரி, எந்திரத்தையே செய்யச் சொல்வது எப்படி? எல்லோரும் முதலில் எழுதுவது ஒரு சிறு நிரல்: “ஒவ்வொரு சர்வராகப் போ, இந்தக் கட்டளைகளை வரிசையாகச் செய்.” நாங்களும் அப்படித்தான் எழுதினோம். இதில் ஒரு சங்கடம். வேலைக்காரப் பையனிடம் “தொட்டியில் நாலு குடம் தண்ணீர் ஊற்று” என்று சொன்னால், தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தாலும் ஊற்றுவான், முற்றமெல்லாம் தண்ணீராகும். பாதியில் குடம் உடைந்தால் எத்தனை ஊற்றினான் என்பதும் தெரியாது. “தொட்டி எப்போதும் நிறைந்திருக்கவேண்டும்” என்று சொல்லிப் பாருங்கள். அவனே பார்ப்பான், குறைந்தால் ஊற்றுவான், நிறைந்திருந்தால் பேசாமல் போய்விடுவான். எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒன்றே.

சர்வர் பராமரிப்பில் இந்தக் கருத்தைக் கருவியாக்கியவர் மார்க் பர்கெஸ். 1993இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கியது சி.எஃப்.எஞ்சின். பின்னர் 2005இல் பப்பெட், 2012இல் ஆன்சிபிள் வந்தன. இவற்றில் நாம் எழுதுவது செய்முறையை விட நிலையைத்தான்: இந்த மென்பொருள் இந்தப் பதிப்பில் இருக்கவேண்டும், இந்தக் கோப்பு இப்படி இருக்கவேண்டும், கோப்பு மாறினால் மட்டும் அப்பாச்சி திரும்பத் துவங்கவேண்டும். ஆன்சிபிளுக்கு, நிர்வகிக்கப்படும் சர்வரில் தனியாக எந்த ஏவல் நிரலையும் நிறுவவேண்டியதில்லை, வழக்கமான எஸ்.எஸ்.எச். இணைப்பே போதும். சிறிய நிறுவனத்துக்கு அதையே நான் சொல்வேன்.

ஆனால் கருவி வாங்கிய மறுநாளே எல்லாம் நடந்துவிடாது. எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. அதில் பெரும்பகுதி பட்டியல் சரிசெய்வதிலேயே போயிற்று. எந்த சர்வரில் என்ன இருக்கிறது, யார் எப்போது எதைக் கையால் மாற்றிவைத்தார் என்று தோண்டத் தோண்ட வந்தது. ஒரே ஜாடையில் இல்லாத முந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே அளவில் சட்டை தைக்க முடியுமா?

எதைத் தானாக நடக்க விடுவது என்பதும் தனிக் கேள்வி. பாதுகாப்புத் திருத்தங்களை டெபியன், உபுண்டு இரண்டிலும் தானாக ஏறும்படி அமைத்துவிடலாம். பெரிய பதிப்பு மாற்றத்தை அப்படி விடக்கூடாது. 2015இல் வந்த பி.எச்.பி. 7, மைசீக்வலுடன் பேசும் பழைய கட்டளைகளை நீக்கிவிட்டது. சொல்லாமல் ஏற்றியிருந்தால், அவற்றை நம்பி எழுதிய வாடிக்கையாளர் தளங்கள் ஒரே இரவில் நின்றிருக்கும்.

எந்திரம் நல்லதை எவ்வளவு வேகமாகப் பரப்புமோ, தவறையும் அவ்வளவு வேகமாகப் பரப்பும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகள் சிலருக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதன்பிறகே அந்நிறுவனம் அத்தகைய கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது. நாங்கள் முதலில் இரண்டு சோதனை சர்வர்கள், ஒரு நாள் கழித்துப் பத்து, பிறகு ஐம்பது ஐம்பதாக என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு படியிலும் தளம் திறக்கிறதா, அஞ்சல் போகிறதா என்று நிரலே பார்க்கும். இரண்டு தவறினால் தானே நின்றுவிடும்.

இனி அந்த அம்மாளுக்கு. இரவு இரண்டு மணி அலாரம் போய்விடும். கட்டளை தட்டுவது மட்டுமே தெரிந்தவருக்கு வேலை குறையும், அதை மறைக்கமாட்டேன். எங்களிடம் சர்வர் ஆயிரத்தைத் தாண்டியபோதும் ஆள் ஆறுதான். ஆனால் தொட்டி எவ்வளவு நிறையவேண்டும் என்று எழுதுபவர், எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவர், நின்றுபோனால் ஏன் என்று கண்டுபிடிப்பவர் ஆகியோர் தேவைப்பட்டார்கள். எங்கள் நால்வரில் மூவர் அந்த வேலைக்கு மாறினோம். ஒருவர் வேறு துறைக்குப் போனார்.

உங்கள் பையனோ பெண்ணோ வீட்டிலேயே பழகலாம். சாதாரணக் கணிப்பொறியில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவி, அதற்குள் இரண்டு டெபியன் சர்வர்களை உருவாக்கட்டும். இரண்டிலும் அப்பாச்சி இருக்கவேண்டும் என்று ஆன்சிபிளில் எழுதி ஓட்டட்டும். பிறகு எதையும் மாற்றாமல் இரண்டாம் முறை ஓட்டட்டும். இறுதியில் வரும் கணக்கில் ‘சேஞ்ச்டு’ என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கவேண்டும். வேறு எண் வந்தால், எந்த வரி மறுபடியும் நாலு குடம் ஊற்றுகிறது என்று தேடட்டும்.