வேலையும் படிப்பும்: குறை மண்டையில் இல்லை



பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு என்று பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதத் தயாராகும் உறுப்பினர்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வேடசந்தூர் பக்கம் நூற்பு மில்லில் வேலை பார்க்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். தேர்வுக்குப் பணமும் கட்டிவிட்டார். ஒருநாள் கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து, "மேடம், நான் பரீட்சை எழுதல. புத்தகத்தத் தொறந்தாலே அழுகை வருது. எம்மண்டையில இனி ஏறாது" என்றார்.

நாங்கள் முதலில் செய்தது தவறு. வழக்கமாகப் பயிற்சியில் செய்வதுபோல் சார்ட் பேப்பரில் கால அட்டவணை போட்டுக் கொடுத்தோம். காலை 4 மணிக்கு எழுந்து கணக்கு, இரவு 9 மணிக்கு அறிவியல். நாலு நாள் கூட நடக்கவில்லை. "இதையும் செய்ய முடியலையே" என்ற கவலை கூடியதுதான் மிச்சம்.

பிறகுதான் அவருடைய ஒரு நாளை அவரையே சொல்லச் சொல்லி எழுதினோம். மில்லில் 8 மணி நேரம். வேனில் போக வர 2 மணி நேரம். சமையல், தண்ணீர், துணி, பிள்ளைகள், மாமியாருக்கு மருந்து என்று 6 மணி நேரம். தூக்கம் 5 மணி நேரம், அதுவும் ஷிப்ட் மாறும் வாரத்தில் கெட்டுப்போகும். இதற்கு மேல் குழுவின் கணக்கு நோட்டு எழுதும் ஊக்குநர் பொறுப்பும் அவரிடமே. இப்படி இருந்தால் யாருக்குத்தான் மண்டையில் ஏறும்?

படித்தது மனதில் பதிய மூளைக்குத் தூக்கம் வேண்டும். தூக்கத்தைக் குறைத்துப் படித்தால் படித்ததும் நிற்காது, டென்ஷனும் கூடும். தலைவலி, கழுத்து இறுக்கம், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, அடுப்பில் வைத்ததை மறப்பது எல்லாம் பாரம் கூடிவிட்டது என்று உடம்பு சொல்லும் அடையாளங்கள். 'எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சோ' என்று பயப்பட வேண்டாம்.

எல்லாச் சோர்வும் மனசிலிருந்து வருவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நம் உறுப்பினருக்கு 9 தான் இருந்தது! டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டுக்கொண்டிருந்தார். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும்.

அடுத்து வீடு. "எனக்கு ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் அசைய மாட்டார்கள். எந்த வேலை, யார், எப்போது என்று கேட்க வேண்டும். "இந்த வயசுல படிச்சு கலெக்டராவா ஆகப் போற?" என்ற வீட்டுக்காரரிடம், "பரீட்சை முடியிற வரைக்கும் தண்ணி பிடிக்கிறதும் ராத்திரி பாத்திரமும் உங்க பொறுப்பு" என்று நேராகச் சொன்னார். முதல் வாரம் முணுமுணுப்புதான். இப்போது தண்ணீர் பிடிக்கிறார். பாத்திரம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது!

குழுவும் தன் பங்குக்கு மூன்று மாதத்துக்கு நோட்டு எழுதும் வேலையை வேறொருவருக்கு மாற்றித் தீர்மானம் போட்டது. இதைக் கேட்க அவர் ரொம்பவே கூச்சப்பட்டார். கடன் கேட்க வராத கூச்சம் இதற்கு ஏன் வர வேண்டும்?

மிச்சமான நேரத்தில் தூக்கம்தான் முதலில். படிப்புக்கு ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும். வாசித்துக்கொண்டே போகாமல், புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் உறுப்பினர் வேனில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டுகிறார். படபடப்பு வந்தால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் நெஞ்சு இறங்கும்.

கணக்குதான் அவருக்கு இன்னும் பயம். பாடத்துக்கு 100க்கு 35 எடுத்தால் தேர்ச்சி. ஒரு பாடம் போனாலும் துணைத்தேர்வில் அதை மட்டும் எழுதலாம், தேறிய பாடங்களைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. இதைச் சொன்ன அன்றுதான் அவர் நன்றாகத் தூங்கினாராம்.

இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்கவில்லை, தூக்கமில்லை, வாழப் பிடிக்கவில்லை என்று இருந்தால் இந்த வழிகள் மட்டும் போதாது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருநாள் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். ஊக்குநர்கள் கூடப் போய் வாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச:
உங்கள் குழுவில் வேலையோடு படிப்பவர் யார்? அவருடைய ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். அதில் எந்த வேலையைக் குழு வாங்கிக்கொள்ள முடியும்? எத்தனை மாதத்துக்கு? தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.