கம்பைலர் ‘சரி’ என்றால் சரியா? டைப் மாற்றம் பற்றிய ஆறு நம்பிக்கைகள்

ஒரு டைப்பில் இருக்கும் மதிப்பை இன்னொரு டைப்புக்கு மாற்றாமல் பெரிய மென்பொருள் எதையும் எழுத முடியாது. தசம எண்ணை முழு எண்ணாக்க வேண்டியிருக்கும். 64 பிட்டில் இருப்பதை 16 பிட்டில் அடக்க வேண்டியிருக்கும். இந்த மாற்றங்களில் எது செல்லும், எது செல்லாது என்று பார்த்துச் சொல்வது கம்பைலரின் பொறுப்பு. அந்தச் சோதனையிலேயே ஓட்டை இருந்தால் என்ன ஆகும், அதை எப்படி அடைக்கிறார்கள் என்பது பற்றி, அனுபவமுள்ள நிரலாளர்களிடம்கூடத் தவறான எண்ணங்கள் உண்டு. அவற்றில் ஆறை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: கம்பைலரில் பிழை இருக்காது, தவறு எப்போதும் நம் நிரலில்தான்.

உண்மை: முதலில் நம் நிரலைச் சந்தேகிப்பது நல்ல பழக்கம். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். ஆனால் கம்பைலரும் மனிதர்கள் எழுதிய மென்பொருள்தான். 2011இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சிஸ்மித்’ என்ற கருவியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கருவி மனம்போன போக்கில் சி மொழி நிரல்களை உருவாக்கும். ஒரே நிரலைப் பல கம்பைலர்களிடம் கொடுத்து, எல்லாம் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்ப்பார்கள். மூன்றாண்டுகளில், அதுவரை யாரும் அறிந்திராத 325க்கும் மேற்பட்ட பிழைகள் இப்படி அகப்பட்டன. அவர்கள் சோதித்த ஒவ்வொரு கம்பைலரும் ஏதோ ஓரிடத்தில், சரியான நிரலுக்குத் தவறான இயந்திரக் கட்டளைகளைச் சத்தமில்லாமல் உருவாக்கியிருந்தது.

டைப் மாற்றச் சோதனையில் பிழை இரண்டு விதமாக வரும். அனுமதிக்க வேண்டியதை மறுப்பது ஒன்று. மறுக்க வேண்டியதை அனுமதிப்பது இன்னொன்று. முதல் வகை உடனே கண்ணில் படும். வேலை தடைபட்டவர் புகார் கொடுத்துவிடுவார். இரண்டாம் வகையில் யாருக்கும் எதுவும் தடைபடாது. அதனால்தான் அது ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கிறது.

நம்பிக்கை 2: எர்ரர் இல்லாமல் கம்பைல் ஆகிவிட்டால், உள்ளே இருக்கும் மாற்றங்கள் எல்லாம் பாதுகாப்பானவை.

உண்மை: ரஸ்ட் மொழியின் கதை இதற்கு நல்ல பதில். நினைவகத் தவறுகளுக்கு இடம் தராத மொழி என்ற பெயரோடு 2015இல் முதல் நிலையான பதிப்பு வந்தது. அதில் ‘ஆஸ்’ என்ற சொல்லைப் போட்டு எண்களை ஒரு டைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். 300 என்ற முழு எண்ணை 8 பிட் குறியற்ற எண்ணாக மாற்றினால் மேல் பிட்டுகள் வெட்டப்பட்டு 44 கிடைக்கும். விரும்பத்தக்கதோ இல்லையோ, விதி தெளிவாக இருந்தது. ஆனால் 300.0 என்ற தசம எண்ணை அதே 8 பிட்டுக்கு மாற்றினால் என்ன கிடைக்கும்? அன்று விடை இல்லை. குறைந்த விடையோ கூடுதல் விடையோ அல்ல, விடை என்று ஒன்றே வரையறுக்கப்படவில்லை.

காரணம் அடித்தளத்தில் இருந்தது. ரஸ்ட் கம்பைலர் இயந்திரக் கட்டளைகளை உருவாக்க எல்எல்விஎம் என்ற தளத்தை நம்பியிருக்கிறது. தசம எண்ணை முழு எண்ணாக்கும் எல்எல்விஎம் கட்டளை, மதிப்பு இலக்கு டைப்பில் அடங்காவிட்டால் விளைவுக்குப் பொறுப்பேற்பதில்லை. சில்லுகளும் ஒத்துப்போவதில்லை. 300 கோடி என்ற தசம எண்ணை 32 பிட் குறியுள்ள முழு எண்ணாக மாற்றச் சொன்னால், இன்டெல் வகைச் சில்லின் கட்டளை −2,147,483,648 என்று தரும். 64 பிட் ஏஆர்எம் சில்லு 2,147,483,647 என்ற உச்சவரம்பில் நின்றுவிடும். ஒரே நிரலுக்கு இரண்டு இயந்திரங்களில் எதிரெதிர் முனைகளில் விடை.

இதைவிட மோசமானது உகப்பாக்கம் செய்யும் கட்டம். ‘இப்படி ஒரு மதிப்பு வரவே வராது’ என்று எடுத்துக்கொண்டு, அந்த அனுமானத்தின் மேல் மற்றச் சோதனைகளை நீக்க அதற்கு உரிமை உண்டு. பாதுகாப்பானது என்று முத்திரை குத்தப்பட்ட நிரலுக்குள், மொழி ஒருபோதும் நடக்காது என்று வாக்களித்த வரையறையற்ற நடத்தை நுழைந்துவிட்டது. கம்பைலரோ ஒரு வார்னிங்கூடக் கொடுக்கவில்லை.

நம்பிக்கை 3: ஏரியன் 5 ராக்கெட் வெடித்தது கம்பைலர் பிழையால்.

உண்மை: டைப் மாற்றம் என்றதும் பலரும் சொல்லும் எடுத்துக்காட்டு இது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்ட ஏரியன் 5, சுமார் 40 வினாடிகளில் சிதறியது. நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அதோடு போயின. கிடைமட்ட வேகம் சார்ந்த 64 பிட் தசம எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாறும்போது அடங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அடங்கவில்லை என்பதை அமைப்பு கண்டுபிடித்தது. பிழைச் சமிக்ஞையும் எழுப்பியது. அந்த அளவில் சோதனை வேலை செய்தது.

கோளாறு மனிதர்கள் எடுத்த முடிவுகளில் இருந்தது. ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இத்தகைய ஆபத்து இருந்த ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதப்பட்டிருந்தது. கணினியின் பணிச்சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக மற்ற மூன்று விடப்பட்டன. ஏரியன் 4இன் பறப்புப் பாதைக்கு அந்தக் கணக்கு பொருந்தியது. புதிய ராக்கெட்டின் பாதை வேறு. பிழை எழுந்தால் கணினி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் முன்கூட்டியே எடுத்த முடிவு. மாற்றுக் கணினியும் அதே நிரலை ஓட்டியதால் அதுவும் அதே காரணத்தால் நின்றுபோனது.

பழியைக் கம்பைலர் மேல் போட்டால் இந்த முக்கியமான பாடம் கைநழுவிப்போகும். சோதனை இருப்பது ஒன்று. அது ‘இல்லை’ என்று சொன்ன பிறகு என்ன செய்வது என்று தீர்மானிப்பது இன்னொன்று.

நம்பிக்கை 4: பிழை எந்த வரியில் என்று தெரிந்துவிட்டால் திருத்துவது சில நிமிட வேலை.

உண்மை: ரஸ்ட்டின் தசம எண் பிழை 2013 இறுதியிலேயே பதிவானது. அது திருத்தப்பட்டது 2020 ஜூலையில் வெளியான 1.45 பதிப்பில். இடம் தெரியாமல் ஆறரை ஆண்டுகள் போகவில்லை. என்ன விடை சரி என்று முடிவெடுக்கத்தான் அவ்வளவு காலம் பிடித்தது.

ஒரு படி அரிசியை ஆழாக்கில் கொட்டினால் மூன்று வழிகள்தான் உண்டு: நிரம்பியதும் நிறுத்துவது, வழியவிடுவது, கொட்டவே மறுப்பது. ரஸ்ட் குழுவின் முன்னாலும் இதே தேர்வுகள் இருந்தன. நிரலையே நிறுத்தினால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் திடீரென விழும். வரம்பில் நிறுத்தினால் கூடுதல் கட்டளைகள் தேவை, வேகம் குறையும். படம், ஒலி கையாளும் நிரல்களில் இந்த மாற்றம் நொடிக்குக் கோடிக்கணக்கில் நடக்கும் என்பதால் அது வெறும் கவலை அல்ல. கடைசியில் வரம்பில் நிறுத்துவது என்று முடிவானது. 300.0 என்பது 255 ஆகும். எதிர்ம எண் 0 ஆகும். எண்ணே அல்லாத மதிப்பும் 0 ஆகும். வேகம் கட்டாயம் தேவைப்படுவோருக்கு, பொறுப்பைத் தாங்களே ஏற்கும் தனி வழி ஒன்றும் திறந்துவிடப்பட்டது. ஜாவா மொழி தன் முதல் விவரக்குறிப்பிலேயே முழு எண்ணுக்கு இந்த விதியை எழுதி வைத்திருந்தது. முதலிலேயே எழுதியவர்களுக்குப் பிற்காலத்தில் இந்த வேலை இல்லை.

ஹாஸ்கெல் மொழியின் ஜிஎச்சி கம்பைலர் இன்னும் ஆழமான பாடம் தருகிறது. அதில் ‘வயது’ என்று ஒரு புதிய டைப் உருவாக்கலாம். நினைவகத்தில் அது வெறும் முழு எண்தான். பெயர் மட்டும் வேறு. எனவே ஒன்றை மற்றதாகச் செலவில்லாமல் மாற்றலாம் என்று கம்பைலர் வைத்துக்கொண்டது. அது சரியே. டைப்பின் பெயரைப் பார்த்து வேறு டைப்பைத் தரும் வசதியும் பின்னர் வந்தது: முழு எண்ணுக்கு ஒன்று, வயதுக்கு வேறொன்று. அதுவும் சரியே. இரண்டும் சேர்ந்தபோது, எந்தத் தொடர்பும் இல்லாத இரு டைப்புகளை ஒன்றாகக் காட்டி நிரலை விழவைக்க முடிந்தது. 2007இல் பதிவான இந்த ஓட்டை 2014இல், 7.8 பதிப்பில்தான் அடைபட்டது. டைப்பின் ஒவ்வோர் அளவுருவுக்கும் ஒரு பங்கு குறிக்கப்பட்டது: பெயர் முக்கியமா, நினைவக வடிவம் மட்டும் போதுமா, இரண்டுமே பொருட்டில்லையா? தனித்தனியே சரியான இரண்டு சோதனைகளின் நடுவே இருந்த இடைவெளியை அடைக்க, ஒரு புதிய கோட்பாடே தேவைப்பட்டது.

நம்பிக்கை 5: சோதனையை இறுக்கிவிட்டால் போதும், அதனால் பழைய நிரல் உடைந்தால் எழுதியவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உண்மை: தவறானதைப் பல ஆண்டுகள் அனுமதித்த கம்பைலர், அந்தத் தவறின் மேல் எழுந்த நிரல்களுக்கும் பொறுப்பாளிதான். முழு எண்ணை அப்படியே பாயின்டராகப் பயன்படுத்துவது சி மொழியின் விதிக்குப் புறம்பானது. ஜிசிசி கம்பைலரோ நெடுங்காலம் அதற்கு வார்னிங் மட்டுமே கொடுத்துவந்தது. 2024 மே மாதம் வந்த 14ஆம் பதிப்பில்தான் அது எர்ரர் ஆனது.

அந்த மாற்றத்துக்கு முன்பே லினக்ஸ் விநியோகங்களைப் பராமரிப்போர் பழைய மென்பொருள்களைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். நேரடியாக உடையும் நிரல்கள் அவர்களின் பெரிய கவலை அல்ல. பல மென்பொருள்கள் நிறுவப்படும் முன், சின்னஞ்சிறு சி நிரல்களைக் கம்பைல் செய்து ‘இந்தக் கணினியில் இந்த வசதி இருக்கிறதா’ என்று பார்க்கும். அந்தச் சிறு நிரலில் பழைய தவறு ஒன்று இருந்தால், புதிய கம்பைலர் அதை மறுக்கும். உடனே ‘வசதி இல்லை’ என்று முடிவாகிவிடும். எர்ரர் எதுவும் காட்டாமல் மென்பொருள் ஒரு வசதியை இழந்து நிற்கும். சரியான திருத்தம்கூட இப்படி மறைமுகமாகக் காயப்படுத்தக் கூடும். அதனால்தான் பழையபடி வார்னிங்காக வைத்துக்கொள்ளும் வழியையும் ஜிசிசி சேர்த்தே கொடுத்தது. ரஸ்ட் குழு ‘கிரேட்டர்’ என்ற கருவியால், பொதுவில் இருக்கும் ரஸ்ட் நூலகங்களைப் புதிய கம்பைலரில் கட்டிப் பார்த்து எத்தனை உடைகின்றன என்று அளந்துகொள்கிறது.

நம்பிக்கை 6: கம்பைலர் பிழையில் கைவைக்க மேதைகளால்தான் முடியும்.

உண்மை: கடைசித் திருத்தத்தை எழுத ஆழ்ந்த அறிவு தேவைப்படலாம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலையில் பெரும்பகுதிக்குப் பொறுமைதான் தேவை. பத்தாயிரம் வரி நிரலில் தெரிந்த பிழையைப் பத்து வரியில் காட்ட வேண்டும். ஒவ்வொரு வரியாக நீக்கி, பிழை இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, எதையும் நீக்க முடியாத நிலைக்கு வர வேண்டும். சி மொழிக்கு இதைத் தானாகச் செய்யும் ‘சி-ரெட்யூஸ்’ என்ற கருவியும் உண்டு. அந்தப் பத்து வரியைப் பல கம்பைலர்களில், பல பதிப்புகளில் ஓட்டிப் பார்த்தால் பிழை எப்போது நுழைந்தது என்பதும் தெரியவரும். திருத்தம் முடிந்ததும் அதே பத்து வரி நிரந்தரச் சோதனையாகக் கம்பைலரோடு சேர்ந்துவிடும். டைப் மாற்றத்தில் ஒரு சோதனை போதாது, இரண்டு வேண்டும்: மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்று ஒன்று, அதையொட்டிய செல்லும் மாற்றத்தை இன்னும் அனுமதிக்கிறதா என்று இன்னொன்று. இரண்டாவதை மறந்தால், ஒரு பக்க ஓட்டையை அடைக்கப்போய் மறுபக்கக் கதவைச் சாத்திவிடுவோம்.

இந்த வேலையைக் கல்லூரி மாணவர்கூடச் செய்யலாம். செய்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘தவறான விடை வருகிறது’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நீங்கள் எதிர்பார்த்த விடை எது, மொழியின் விவரக்குறிப்பில் எந்த வாக்கியம் அதை உங்களுக்கு உறுதியளிக்கிறது என்று தேடிச் சேர்த்து எழுதுங்கள். அந்த வாக்கியம் கிடைத்தால், கம்பைலரைத் திருத்துபவரின் பாதி வேலை முடிந்தது. தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ரஸ்ட் குழு ஆண்டுக்கணக்கில் விவாதித்தது அப்படி எழுதப்படாமல் போன ஒரு விதியைத்தான். முதலில் எழுத வேண்டியது அந்த வாக்கியம். திருத்தம் அதன் பிறகுதான் வரும்.