நண்பரின் குற்றமும் உடனிருப்போர் பொறுப்பும்

மது அருந்தி வண்டி ஓட்டுவது ஓட்டுநர் ஒருவரின் குற்றமாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், வண்டியைக் கொடுத்தவர், ஓட்டச் சொன்னவர், அருகில் அமர்ந்து சென்றவர் ஆகியோரின் பொறுப்பு யாது என்ற வினாவும் எழுகிறது.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் உள்ள நிலையில் வண்டி ஓட்டுவது குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதற் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இக்குற்றத்திற்கு உடந்தையாக இருப்பவருக்கும் 188ஆவது பிரிவு அதே தண்டனையை விதிக்கிறது.

தூண்டுதல், கூட்டுச் சதி, வேண்டுமென்றே உதவுதல் ஆகிய மூன்றும் சட்டத்தின் பார்வையில் உடந்தையாகும். விருந்து முடிந்து திரும்பும் நண்பர்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நண்பரின் போதையை அறிந்தே தம் வண்டியின் சாவியை அளிப்பவர் குற்றத்திற்கு உதவியவராகிறார். "நீயே ஓட்டு" என வற்புறுத்துபவர் தூண்டியவராகிறார். ஆனால் பின்னிருக்கையில் வாளாவிருந்தவர், அக்காரணத்தால் மட்டும் உடந்தையாளர் ஆவதில்லை. தடுக்க வேண்டிய சட்டக் கடமை இருந்தும் வேண்டுமென்றே தவறினால்தான் மௌனம் குற்றமாகும். ஜப்பானிலோ, ஓட்டுநர் மது அருந்தியதை அறிந்தும் தம்மை ஏற்றிச் செல்லுமாறு கேட்டுப் பயணம் செய்பவரும் 2007ஆம் ஆண்டு முதல் தண்டனைக்கு உரியவர்.

விபத்துக்குப் பின் தண்டனையிலிருந்து நண்பரைக் காக்கத் தடயங்களை அழிப்பது தனிக் குற்றம் என்பதையும் மறத்தலாகாது.

அறம் கூறுவது

2006ஆம் ஆண்டு மும்பையில், மது அருந்தியவர் ஓட்டிய கார் ஏறி, நடைபாதையில் உறங்கிய 7 பேர் உயிரிழந்தனர். இதனை வெறும் கவனக்குறைவாகக் கொள்ளாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமெனக் கண்டு விதித்த 3 ஆண்டுத் தண்டனையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. போதையில் ஓட்டினால் உயிர் போகக்கூடும் என்பதை ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டும் என்பதே இத்தகைய தீர்ப்பின் அடிப்படை.

அந்த அறிவு உடனிருப்போருக்கும் உண்டு. அவர்கள் தெளிந்த மதியுடன் இருந்தால் ஓட்டுநரைவிட மிகுதியாகவே உண்டு. மௌனத்தைச் சட்டம் மன்னிக்கலாம். ஆனால் தடுக்க முடிந்தும் தடுக்காதவரை அவர் மனச்சான்று எளிதில் விடுவிக்காது.

சாவியை வாங்கி வைத்தல், வாடகை வண்டி அமர்த்துதல், கேளாவிடின் 112 என்ற எண்ணில் காவல்துறைக்குத் தெரிவித்தல் ஆகியன யாவராலும் இயல்வனவே. அன்றிரவு நண்பருக்கு வரும் கோபம் மறுநாள் தணிந்துவிடும். சாலையில் போன உயிர் மீளாது.