பட்டியலில் பெயர் ஏறும் வரை

என் வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் கேட்டுப் பட்டியலில் பெயர் பதிய, இதயம், நுரையீரல், பல் என்று ஒவ்வொரு டாக்டரும் ‘ஃபிட்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கையெழுத்துகளுக்காகப் புதூரிலிருந்து அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை.

1. முதல் வேலையாகப் பல்லைக் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல்லில் சீழ் இருந்தால், அறுவைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மாத்திரை கொடுக்கும்போது அது உடம்பெங்கும் பரவும். ஒரே ஒரு கடைவாய்ப் பல்லால் எங்களுக்கு ஒன்றரை மாதம் போனது. உள்ளூரிலேயே முதலில் பார்த்திருக்கலாம்.

2. கரிசல்காட்டில் தண்ணீரை அளந்து புழங்குவது நமக்குப் பழக்கம்தான். குடிப்பதை அளப்பதுதான் கஷ்டம். டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அடுப்படி மேடையில் வைத்துவிடுகிறேன். அவர் காபி குடித்தால், பாட்டிலிலிருந்து அதே டம்ளர் அளவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். ரசம், மோர், கம்மங்கூழ் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். சாயங்காலம் பாட்டிலில் இரண்டு விரல்கடை மிச்சம் இருந்தால் அவர் முகமே தெளிந்துவிடும். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கச் சொல்லுங்கள், அதையும் கணக்கில் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் நான்கையும் நிறுத்தினாலே பாதித் தாகம் அடங்கிவிடும்.

3. பார்க்க வருகிறவர்கள் அன்போடு இளநீரும் கருப்பட்டியும் வாங்கி வருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நம்ம ஊர்க் கடலைமிட்டாயும் வேண்டாம். காய்களைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கவே கூடாது. சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பொட்டாசியத்தைத்தான்.

4. டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையைக் குழந்தையைப் போலப் பாருங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ, டயாலிசிஸ் தவிர வேறெதற்கும் ஊசி குத்தவோ விடக் கூடாது. குடம், மூட்டை தூக்கக் கூடாது. கையைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் தழும்பின் மேல் விரல் வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். அது தெரியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

5. ரத்தம் குறைவு என்றால் உடனே ரத்தம் ஏற்றச் சொல்லி நாமாகக் கேட்கக் கூடாது. பிறர் ரத்தம் ஏற ஏற உடம்பில் எதிரணுக்கள் உண்டாகி, பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது அரிதாகிவிடும். ஊசி மருந்தால் சரிசெய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

6. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி டயாலிசிஸ்காரர்களுக்கு இரட்டிப்பு அளவில் போடுவார்கள், பல தவணைகளாக. போட்ட தேதியைத் தினக்காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள்.

7. ஆதார், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றிலும் பெயர் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்று அறுவையும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றை முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

8. கோவில்பட்டியில் ரயில் ஏறுகிறவர்களுக்கு: டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ போகும் சிறுநீரக நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்கி கவுண்டரில் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இது பல மாதம் தெரியாமலே போனது.

9. ‘பணம் கொடுத்தால் பட்டியலில் மேலே ஏற்றிவிடுகிறேன்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை ஒதுக்குவது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம். சிறுநீரகத்தை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெற்ற பிள்ளையின் உறுப்புகளை 2008-இல், மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் தாய் தந்தையர் யாரிடமும் எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள். அப்படி ஒரு வீட்டின் துக்கத்திலிருந்துதான் நமக்குச் சிறுநீரகம் வர வேண்டும் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். நானும் உறுப்பு தானத்துக்குப் பதிந்துவிட்டேன்.

10. சிறுநீரகம் கிடைத்தால் கூப்பிடுவதற்காக ஆஸ்பத்திரியில் இரண்டு போன் எண்கள் கொடுங்கள். ஒன்று எப்போதும் வீட்டிலேயே இருப்பவருடையதாக இருக்கட்டும். காட்டுக்குப் போனால் சிக்னல் கிடைக்காது.

11. டயாலிசிஸ் இல்லாத நாளில் படுக்கையிலேயே விடாதீர்கள். சாயங்காலம் கொஞ்சம் நடக்கட்டும், முடிந்த வேலையைக் கையில் கொடுங்கள். போன ஐப்பசியில் விதைப்புக்குக் கொத்தமல்லி விதையை இரண்டாக உடைக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்தபடியே அரை மூட்டை உடைத்துக் கொடுத்தார் அவர். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினார்.