கண்ணுக்குப் புலனாகாத கசிவு

குடத்தில் ஓட்டை இருந்தால் நீர் ஒழுகித் தரை நனையும். நாம் உடனே அதனைக் கண்டுகொள்கிறோம். எண்ணெய்ப் பாத்திரம் கசிந்தால் கறை படியும்; அதுவும் நம் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆனால், நிறமும் மணமும் அற்ற ஒரு வாயு கசியுமானால் அதனை எவ்வாறு அறிவது? அறியாமல் விட்டுவிட்டால் விளையும் கேடு யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

பூமியின் ஆழத்தில், பாறை அடுக்குகளுக்கிடையே இயற்கை எரிவாயு தங்கியிருக்கிறது. அதன் பெரும்பகுதி மீத்தேன் என்னும் வாயுவே ஆகும். சதுப்பு நிலங்களிலும் சேற்றிலும் இவ்வாயு இயல்பாகவே தோன்றும். 1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, மஜோரே ஏரிக்கரையின் சேற்றைக் கிளறி, மேலெழுந்த குமிழிகளைக் கலத்தில் சேர்த்து, அவ்வாயு தீப்பற்றி எரிவதைக் கண்டார். இன்று அடுப்பெரிக்கவும், மின்சாரம் ஆக்கவும், உரம் செய்யவும் இது உலகெங்கும் பயன்படுகிறது.

எரியும் மீத்தேன் நமக்குப் பணி செய்கிறது. எரியாமல் காற்றில் கலக்கும் மீத்தேனோ பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் போர்வை போல் தடுக்கிறது. 20 ஆண்டுக் காலத்திற்குக் கணக்கிட்டால், ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 80 டன் கரியமில வாயுவுக்கு ஒப்பான வெப்பத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எனினும், கரியமில வாயுவைப் போல் அது நெடுங்காலம் நிலைப்பதில்லை. சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடுகிறது. ஆதலால், இன்று நாம் கசிவைக் குறைத்தால் அதன் பயனை நம் வாழ்நாளிலேயே காணலாம்.

ஒரு கசிவு எத்துணைப் பெரிதாக வளரும் என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்து அலிசோ கேன்யன் என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே எண்ணெய் எடுத்து ஓய்ந்த நிலத்தடிப் பாறையில் எரிவாயுவை அழுத்திச் செலுத்திச் சேமித்து வைத்தனர். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், 1953இல் தோண்டப்பட்ட கிணறு ஒன்றிலிருந்து வாயு பீறிட்டு வெளிப்படுவது அறியப்பட்டது. கசிவை எளிதில் உணர்வதற்காக எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலப்பது வழக்கம். அந்நாற்றம் அருகிலிருந்த போர்ட்டர் ராஞ்ச் குடியிருப்பெங்கும் பரவிற்று. மக்கள் தலைவலியாலும் குமட்டலாலும் வருந்தினர். பல்லாயிரம் குடும்பங்கள் வீட்டை விட்டு வேறிடம் சென்றன. இரண்டு பள்ளிகளின் மாணவர்கள் வேற்றிடங்களில் பயில நேர்ந்தது.

கிணற்றின் மேலிருந்து திரவத்தைச் செலுத்தி அடைக்கப் பன்முறை முயன்றும் பயனில்லை. இறுதியில் அருகே மற்றொரு கிணறு தோண்டி, அதன் வழியே அடிப்பகுதியை எட்டி அடைத்தனர். 2016 பிப்ரவரியில் கசிவு நின்றது. அதற்குள் ஏறத்தாழ 97,000 டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டதென, விமானத்தில் பறந்து அளந்த அறிவியலார் கணக்கிட்டனர்.

இதன் காரணம் யாது? நிலத்தடி நீரும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கிணற்றின் இரும்பு உறைக்குழாயை வெளிப்புறத்தில் அரித்திருந்தன. சுமார் 890 அடி ஆழத்தில் அது வெடித்தது. ஆழத்தில் வாயுவை நிறுத்தவல்ல காப்பு வால்வு பல ஆண்டுகளுக்கு முன்பே அகற்றப்பட்டிருந்தது. அதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. அவ்வயலின் கிணறுகளில் அதற்கு முன்னரே அறுபதுக்கு மேற்பட்ட உறைக்குழாய்க் கசிவுகள் நேர்ந்திருந்தன. அவை எதனால் நேர்ந்தன என்று ஒருவரும் ஆராயவில்லை என்பதைப் பின்னர் நடந்த விசாரணை வெளிப்படுத்தியது. சிறிய எச்சரிக்கைகள் பல முறை வந்தன, கேட்பார் இல்லை.

பெருங்கசிவுகள் செய்தியாகின்றன. ஆனால் நாள்தோறும் ஆயிரம் இடங்களில் நிகழும் சிறு கசிவுகளை யாரும் பேசுவதில்லை. அவற்றைக் குறைக்கும் வழிகள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, கண்டறிதல். மீத்தேன் அகச்சிவப்புக் கதிர்களை ஈர்க்கும் இயல்புடையது. ஆகவே, அதற்கென அமைந்த ஒளிப்படக் கருவியின் வழியே நோக்கினால், வெறும் கண்ணுக்குப் புலனாகாத வாயு புகைபோல் தோன்றும். கலிபோர்னியா அரசு 2016இல், சேமிப்புக் கிணறுகளின் தலைப்பகுதியை நாள்தோறும் இத்தகைய முறைகளால் சோதிக்க வேண்டுமென விதித்தது.

இரண்டாவது, கருவிகளை மாற்றுதல். எரிவாயு நிலையங்களில் வால்வுகளைத் திறந்து மூட அவ்வாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்தும் கருவிகள் பல உண்டு. அவை இயங்கும்போதெல்லாம் சிறிதளவு வாயுவை வெளியே விடும். அழுத்தப்பட்ட காற்றாலோ மின்சாரத்தாலோ அவற்றை இயக்கினால் இவ்விழப்பு நேராது. வாயுவை அழுத்தும் கம்பிரசர்களில், உந்துதண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வளையங்கள் தேயத் தேயக் கசிவு மிகும். உரிய காலத்தில் புதுப்பித்தால் அது குறையும்.

மூன்றாவது, பழுது பார்க்கும் முறையைத் திருத்துதல். குழாயைச் செப்பனிடும் முன் அதிலுள்ள வாயுவைக் காற்றில் திறந்து விடுவது எளிய வழி. அங்ஙனம் விடாமல், பொறியால் இழுத்து அடுத்த குழாய்ப் பகுதிக்குச் செலுத்துவது சிறந்த வழி. காக்கப்பட்ட வாயு விலைபோகும் பொருள் அன்றோ? ஆதலின் செய்த செலவில் ஒரு பகுதியேனும் மீளும்.

2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஒன்றுகூடி, மனிதச் செயல்களால் வெளிப்படும் மீத்தேனை 2020ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030க்குள் 30 விழுக்காடு குறைக்க முனைவதாக உறுதி கூறின. உறுதி கூறுதல் அரசுகளின் செயல். அதனை நிறைவேற்றுவோர், திருகாணியை இறுக்கும் தொழிலாளரும், வளையத்தை மாற்றும் பொறிஞரும், குழாயை நாள்தோறும் சோதித்துக் குறிப்பெழுதும் காவலருமே ஆவர். காணாத கேட்டையும் தேடிக் கண்டு, சிறிதாயிருக்கும்போதே திருத்துவது எத்தொழிலுக்கும் உரிய கடமையாகும்.